பெரிசா போட்டா ட்ரிப் ஆகாது!
வாசகர் கேள்விகளுக்கு வயர்மேன் அண்ணாச்சி பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மெயின் சுவிட்சைப் பற்றித்தான். கிரகப்பிரவேசம் வரிசை கட்டி நிற்கிற காலம், அதனால் இருக்கலாம். டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், மெயின் சுவிட்ச் என்று வந்ததும் "நீங்களே ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க" என்று வயர்மேனிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பணத்தை வாங்கின கை இது. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, கீழ்த்தளம் மட்டும் வீடு கட்டியிருக்கிறோம். ஈ.பி.யில் மூணு ஃபேஸ் சர்வீஸ். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று, கீசர் ஒன்று, 1 ஹெச்.பி. மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு, மற்றபடி வழக்கமான சாமான்கள். மீட்டரிலிருந்து உள்ளே 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் இழுத்தாகிவிட்டது. வயரிங் செய்கிறவர் 63 ஆம்பியர் மெயின் என்கிறார். மைத்துனர் 40 போதும் என்கிறார். கடைக்காரரோ "பெரிசா போட்டா ட்ரிப் ஆகாது சார்" என்கிறார். யார் சொல்வது சரி?
— சங்கரன்கோவில் வாசகர்

பதில்: தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெரிசா போட்டா ட்ரிப் ஆகாது. ஆக வேண்டிய நேரத்திலும் ஆகாது.

ஒரு பேப்பரை எடுத்து வீட்டுச் சாமானை எல்லாம் எழுதுங்கள். வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். கீசர் 2000 வாட்ஸ் என்றால் 8.7. இண்டக்‌ஷனும் அதே 8.7. அயர்ன் பாக்ஸ் 1000 வாட்ஸ், 4.3. மோட்டாரும் ஏ.சி.யும் இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும், மோட்டாருக்கு 6.5, ஏ.சி.க்கு 7.5 என்று வையுங்கள். மிக்ஸி 3.5, வாஷிங் மெஷின் 2, ஃப்ரிட்ஜ் 1. ஃபேன், லைட், டி.வி. எல்லாம் சேர்ந்து 3 சொச்சம். மொத்தம் 45 ஆம்பியர் வருகிறது.

இந்த 45-ஐப் பார்த்துத்தான் உங்கள் வயர்மேன் 63-க்குப் போயிருப்பார். ஆனால் உங்களுக்கு வருவது மூணு ஃபேஸ். ஒரு ஃபேஸில் ஏ.சி., ஃப்ரிட்ஜ், மிக்ஸி, லைட், ஃபேன். இன்னொன்றில் கீசர், அயர்ன், வாஷிங் மெஷின். மூன்றாவதில் மோட்டாரும் இண்டக்‌ஷனும். கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு ஃபேஸிலும் 15 ஆம்பியர்தான். அதுவும் வீட்டில் உள்ள எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால். யார் வீட்டில் ஓடுகிறது? காலை ஆறரை மணிக்குக் கீசர், மோட்டார், அடுப்பு, மிக்ஸி ஓடும். ராத்திரி ஏ.சி. ஓடும்.

இப்போது வயருக்கு வருவோம். குழாய்க்குள் போகிற 6 ஸ்கொயருக்கு 32 ஆம்பியர் என்று நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மேலே 63 போட்டால் என்ன ஆகும்? இப்போது மெயினாகப் போடுவது எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து வெட்டுகிற சுவிட்ச். அது 63-ஐத் தாண்டிய உடனே டக்கென்று விழுகிற சாமான் இல்லை. உள்ளே ஒரு ஈருலோகத் தகடு சூடாகி வளைந்துதான் அதைத் தள்ளிவிட வேண்டும். எழுதியிருக்கிற ஆம்பியரைப்போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் ஆனாலும் அது விழக்கூடாது, 1.45 மடங்கு ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இதுதான் அதற்கான தர விதி. 63-ஐ 1.45-ஆல் பெருக்குங்கள். 91 ஆம்பியர்! உங்கள் 6 ஸ்கொயர் வயர் ஒரு மணி நேரம் 91 ஆம்பியர் சுமந்தால் சுவருக்குள் அதன் பி.வி.சி. என்ன கதி ஆகும்? 32-ஐப் பெருக்கினால் 46. அதைத் தாங்கும். எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. டி.வி.யைக் காப்பாற்றவும் இல்லை, உங்களைக் காப்பாற்றவும் இல்லை.

ஆக, உங்களுக்கு 4 போல் (மூணு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவது) 32 ஆம்பியர் 'சி' டைப் எம்.சி.பி. போதும். மைத்துனர் சொன்ன 40-ம் உங்கள் வயருக்கு அதிகம்தான். 'சி' என்பது எதற்கு என்றால், மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி ஐந்தாறு மடங்கு இழுக்கும். 'பி' டைப் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள்ளேயே சட்டென்று விழும். 'சி' ஐந்து மடங்கு வரை பொறுக்கும், ஐந்து முதல் பத்து மடங்குக்குள்தான் சட்டென்று விழும். மெயினில் 32 இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை. மோட்டாருக்கென்று தனியாகப் போடுகிற 10 அல்லது 16 ஆம்பியரில்தான் வித்தியாசம் தெரியும்.

நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது, ஃபேஸ் செலக்டர். ஒரு ஃபேஸ் வரவில்லை, அல்லது வோல்டேஜ் குறைவு என்றால் திருகைத் திருப்பி எல்லாச் சாமானையும் நல்ல ஃபேஸில் ஏற்றிவிடுவோம். வெயில் காலத்தில் அந்த ஒற்றை ஃபேஸ் 45 ஆம்பியரைச் சுமக்கும். அப்போது 32 ஆம்பியர் மெயின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழலாம். "மெயின் சரியில்லை" என்று அதைக் கழற்றி 63 போட வேண்டாம். கீசரை அணையுங்கள்.

எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது என்றேன். அதற்கும் கணக்கு உண்டு. வாஷிங் மெஷினுக்குள் வயர் உரசி, பாடியில் கரண்ட் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எர்த் பிட் 8 ஓம், ட்ரான்ஸ்ஃபார்மர் எர்த் 2 ஓம். மொத்தம் 10 ஓம் என்றால் 230 வோல்ட்டுக்கு ஓடுவது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் மெயினுக்கு இது ஒரு கீசரும் அடுப்பும் அயர்னும் ஓடுகிற மாதிரி, கண்டுகொள்ளாது. அந்த லைனில் இருக்கிற 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் ஒரு மணி நேரம் சும்மா நிற்கலாம். அதுவரை மெஷினின் தகரத்தில் 184 வோல்ட் நிற்கும், துணி அலசிய ஈரக்கை அதைத் தொடும். எர்த் போட்டிருக்கிறோமே என்கிற தைரியத்தில் இருக்கிற எத்தனையோ வீட்டின் நிலைமை இதுதான்.

அதனால் 32 ஆம்பியருக்குத் துணையாக ஒரு 4 போல் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். அது போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் 0.3 நொடிக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது அதற்கான தரம். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் எதையும் அது பார்க்காது, எம்.சி.பி.யும் வேண்டும், இதுவும் வேண்டும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரும் இருக்கும். அதெல்லாம் தீப்பிடிக்காமல் இருக்க, ஆளைக் காப்பாற்ற 30.

கேள்வி: மெயினுக்கு என்று கடையில் கேட்டு வாங்கி வந்ததில் 'ஐசொலேட்டர்' என்று பில் போட்டிருக்கிறார்கள். பார்க்க எம்.சி.பி. மாதிரியேதான் இருக்கிறது, விலையும் குறைவு. அதுவே போதுமா?
— விளாத்திகுளம் வாசகர்

பதில்: பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஐசொலேட்டருக்குள் ட்ரிப் ஆகிற மெஷின் எதுவும் கிடையாது. நீங்கள் கையால் இறக்கினால்தான் இறங்கும். முகப்பில் 'சி 32' என்று எழுத்தோடு சேர்ந்த எண்ணும், சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்றும் இருந்தால் எம்.சி.பி. வெறும் 40 ஏ, 63 ஏ என்று மட்டும் இருந்தால் திருப்பிப் பாருங்கள், ஐசொலேட்டராக இருக்கும். அந்த 10000 என்பது ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியர் வரை வெடிக்காமல் வெட்டும் என்பது. ட்ரான்ஸ்ஃபார்மர் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தால் 10000-ஐயே கேளுங்கள்.

மீட்டர் பக்கத்தில் எம்.சி.பி. இருந்து, உள்ளே டி.பி. பாக்ஸில் (வீட்டு லைன்களைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) வெறும் வெட்டிவிடுவதற்கு மட்டும் என்றால் ஐசொலேட்டர் தாராளமாகப் போதும்.

கேள்வி: எங்கள் மாமனார் காலத்து வீடு. இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், உள்ளே இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டை. பிள்ளைகள் மாற்றச் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் ஒரு குறையும் வைக்காத சுவிட்சை மாற்றத்தான் வேண்டுமா அண்ணாச்சி?
— அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: அந்தப் பெட்டியைத் திட்ட எனக்கு மனசு வராது, அம்மா. பக்கவாட்டுக் கைப்பிடியைக் கீழே இறக்கினால்தான் கதவு திறக்கும். திறந்திருக்கும்போது கைப்பிடி மேலே ஏறாது. இன்றைக்கு வருகிற பிளாஸ்டிக் பெட்டியில் அந்த ஒழுங்கு கிடையாது.

ஆனால் இரண்டு ஃபியூஸ் கட்டை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. ஒன்று ஃபேஸில் இருக்கும், மற்றது நியூட்ரலில். நியூட்ரல் ஃபியூஸ் முதலில் உருகிவிட்டால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும். கரண்ட் போய்விட்டது என்று ஸ்டூல் போட்டு ஏறுவீர்கள். ஃபேஸ் அப்படியே சீலிங் வரை உயிரோடு நிற்கும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸும் கூடாது, தனி சுவிட்சும் கூடாது. வெட்டினால் ஃபேஸோடு சேர்த்து ஒரே அசைவில் வெட்ட வேண்டும். இது வெகுகாலமாக உள்ள விதி. எதையும் மாற்றாவிட்டாலும் அந்த ஒரு கட்டையை எடுத்துவிட்டுச் செம்பு லிங்க் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது, மற்றக் கட்டையைக் கழற்றி உள்ளே என்ன சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்: வயரை உரித்து மூன்று பிரி முறுக்கியது, கொண்டை ஊசி, சிகரெட் பெட்டி ஈயத்தாள். ஒரு வீட்டில் இரண்டு இன்ச் ஆணி. "அடிக்கடி போகுது, அதான் ஒரேயடியா…" என்றார் அந்த வீட்டுக்காரர். அவர் வீட்டில் உருகுவதற்கு வயரைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

பிள்ளைகள் சொல்வதுபோல் மாற்றுவதானால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீப்பர் மேல் கிளிப் அடித்த பழைய வயரிங்காக இருந்தால், ஆர்.சி.சி.பி. போட்ட அன்றைக்கே அது நிற்காமல் விழும். புதுச் சாமான் கெட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கெட்டது சாமான் இல்லை. சுவரெல்லாம் கசிகிற கரண்டை அது காட்டிக்கொடுக்கிறது. முதலில் 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், செலவை மெயினில் ஆரம்பிக்காதீர்கள், வயரில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: மூணு ஃபேஸ் வீடு. ஒரு மத்தியானம் டி.வி., ஃப்ரிட்ஜ், வைஃபை பெட்டி மூன்றும் புகைந்துவிட்டன. சமையலறை லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. பக்கத்து வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. எம்.சி.பி. எதுவும் விழவில்லை. இடியும் இல்லை, மழையும் இல்லை. காரணம் என்ன?
— கோவில்பட்டி வாசகர்

பதில்: நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லை என்பதால் உங்கள் வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் மெயின் சுவிட்சில். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தம்பி. இதே தப்பை நானே செய்திருக்கிறேன்.

தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் வீடு. மூணு ஃபேஸ் இரும்பு மெயின் மாற்றினேன். வெளியிலிருந்து வந்தது அலுமினிய வயர். நியூட்ரல் லிங்க்கில் சொருகி, ஸ்க்ரூவை நன்றாகத்தான் முறுக்கினேன். வயர் முனையில் அழுத்திப் போடுகிற உலோகக் காது, அதாவது லக், போடவில்லை. அலுமினியம் ஒரு குணம் உடையது: அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொடுக்கும். பகலில் சூடாகி விரியும், ராத்திரி சுருங்கும். முறுக்கிய ஸ்க்ரூ முறுக்கின இடத்திலேயே நிற்கும், வயர் மட்டும் இளைத்துவிடும். எட்டு மாசம் கழித்து ஆள் அனுப்பினார்கள்.

போய் மீட்டரை வைத்தேன். ஹால் பிளக்கில் 340 வோல்ட். சமையலறையில் 60. இரண்டையும் கூட்டினால் 400, அதாவது இரண்டு ஃபேஸுக்கும் இடையில் உள்ள வோல்டேஜ். மூன்றாவது ஃபேஸில் மோட்டார் மட்டும், அது ஓடவில்லை. நியூட்ரல் இல்லாததால் ஹால் சாமானும் சமையலறைச் சாமானும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொடுத்த மாதிரி ஆகி, 400-ஐப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. குறைவாக இழுக்கிற பக்கத்துக்குப் பெரிய பங்கு. டி.வி. பக்கம் 340 போய்விட்டது. பெட்டியைத் திறந்தால் லிங்க் கருத்து, வயர் முனை வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் ஆட்டினால் ஆடியது.

வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவி காபி கூடக் கொடுத்தார்கள். கருகின டி.வி.க்கு எதிரே உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்ததை நான் மறக்க முடியாது. டி.வி.க்கு நான்கு தவணையில் பணம் கட்டினேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: மெயினை இறக்கி, லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து நியூட்ரல் முனை ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். அலுமினியம் வந்து செம்பில் சேருகிற இடத்தில் இரண்டுக்கும் பொதுவான பைமெட்டல் லக் போட்டு அழுத்திவிட வேண்டும். மீட்டருக்கு முன்னால் இருக்கிற ஈ.பி. சீலை யாரும் தொடக்கூடாது. அங்கே சந்தேகம் என்றால் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். மெயினையும் மாற்றுவதானால் 4 போல் எம்.சி.பி.யில் 'என்' என்று போட்டிருக்கிற முனையில்தான் நியூட்ரல் வர வேண்டும். அந்த முனைதான் போடும்போது பிந்தாமலும், எடுக்கும்போது முந்தாமலும் இருக்கும்படி செய்திருப்பார்கள். அவசரத்தில் ஃபேஸை அதில் கொடுத்துவிட்டால் அந்த ஏற்பாடு வீண். கூடவே ஓவர் வோல்டேஜில் வெட்டுகிற சின்ன ரிலே ஒன்றும் போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: மெயினை இறக்கிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் ஃபேன் கழற்ற ஏறினார். அப்படியும் ஷாக் அடித்துவிட்டது. மெயின் சுவிட்ச் பழுதா அண்ணாச்சி?
— தூத்துக்குடி வாசகி

பதில்: உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா தங்கச்சி? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் இருக்கும். நீங்கள் மெயினை இறக்கினதும் அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது. மெயின் பழுதில்லை, அது ஈ.பி.யை மட்டும்தான் வெட்டும். இனிமேல் ஏணி போடுவதற்கு முன் இரண்டு வேலை: மெயினை இறக்கு, இன்வெர்ட்டரின் அவுட்புட்டை வெட்டு. அவுட்புட்டுக்கு என்று டி.பி.யில் ஒரு டபுள் போல் எம்.சி.பி. போட்டு, சிவப்பு பெயிண்ட்டால் 'இன்வெர்ட்டர்' என்று எழுதி வையுங்கள். அதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்கட்டும். அந்த டெஸ்டரையும் முதலில் எரிகிற பிளக் ஒன்றில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி. போட்டபின் இன்வெர்ட்டர் லைனில் லைட் எரிந்தாலே ட்ரிப் ஆகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கேயே பதில்: இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் உள்ள நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது. ஆர்.சி.சி.பி. தன் கணக்கில் அதைத் திருட்டு என்றுதான் எழுதும். நியூட்ரலைப் பிரித்தால் சரியாகும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். ஈ.பி.யோ ஜெனரேட்டரோ ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஏற்றினால் அது மெயின் வழியே திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும். ட்ரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறினால் 11,000 வோல்ட். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருத்தர் கம்பத்தின் மேல் இருப்பார்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு வீட்டு மெயினும் மாடிப்படிக்கு அடியில், கம்பிக் கதவுக்குள். சாவி வீட்டுக்காரரிடம், அவர் இருப்பதோ வேறு ஊரில். ஆர்.சி.சி.பி. போட்டுத் தரச் சொன்னால் "உங்க காசில் போட்டுக்கோங்க" என்கிறார். போடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: வீட்டுக்குள் இருக்கிற டி.பி. பாக்ஸில் இடம் இருந்தால் உங்கள் காசிலேயே போடுங்கள். சிங்கிள் ஃபேஸ் என்றால் 2 போல், 30 மில்லி ஆம்பியர். ஆம்பியர் மட்டும் உங்கள் மெயினில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. காலி பண்ணும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். மாசம் ஒருநாள் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு நிற்கிறது.

சாவி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கேளுங்கள். கதவுக்குள் போனதும் எது யார் வீட்டு மெயின் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, அதன்மேல் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். சாவியின் நகல் ஒன்று உங்கள் நிலைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும், பக்கத்திலேயே ஒரு டார்ச்சும்.